கருப்பட்டிக்கும் மலைத்தேனுக்கும் ஓர் அடக்கவிலைக் கணக்கு

கருப்பட்டி விலையைக் கேட்டுவிட்டு, "சீனியைவிட இத்தனை மடங்கா? பகல் கொள்ளை!" என்று நகர்ந்துவிடுகிறவர்களை எந்த ஊர் மளிகைக் கடையிலும் பார்க்கலாம். மலைத்தேன் பாட்டிலை ஆசையாக எடுத்து, ஒட்டியிருக்கும் விலையைப் படித்ததும் சத்தமில்லாமல் அதே இடத்தில் வைத்துவிடுகிறவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் மனசில் ஓடுவது ஒரே கேள்விதான். மரம் சும்மா நிற்கிறது, தேனீ சும்மா பறக்கிறது, இயற்கை இலவசமாகக் கொடுப்பதற்கு எதற்கு இவ்வளவு விலை?

பி.காம். படிக்கிற எவருக்கும் அல்வா மாதிரியான கேள்வி இது. காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் மூலப்பொருள், கூலி, இதரச் செலவு என்று வரிசையாகப் போட்டு அடக்கவிலை கண்டுபிடிக்கச் சொல்வார்களே, அதே மாதிரி இதற்கும் ஒரு ஷீட் போடலாம். முதல் வரியில் பெரிதாக எதுவும் வராது. அடுத்த வரிகளில்தான் கதையே இருக்கிறது. ஏறுகிற கூலி ஒன்று. தண்ணீரை விரட்டுகிற செலவு இன்னொன்று. இந்த இரண்டாவது சமாச்சாரத்தைப் பலரும் யோசித்தே இருக்க மாட்டார்கள்.

முதலில் பனை. தூத்துக்குடி, இராமநாதபுரம் மாவட்டங்களின் தேரிக்காட்டிலும் கடற்கரை மணலிலும் பனை பாளை விடுவது தை, மாசி வாக்கில். அதிலிருந்து ஆடி வரை சீசன். ஆண்பனை, பெண்பனை இரண்டிலும் பதநீர் வரும். மரத்தில் ஓட்டை போட்டுப் பால் எடுப்பது போல இது நடக்கிறது என்று நினைப்பவர்கள் நிறைய. உண்மையில் தண்டைத் தொடுவதே இல்லை. உச்சியில் இருக்கும் பாளையை முதலில் கடிப்பு என்கிற மர இடுக்கியால் சில நாள் நசுக்கிப் பக்குவப்படுத்த வேண்டும். பிறகு அதன் நுனியைத் தினமும் தாள் கனத்துக்குச் சீவிவிட வேண்டும். சீவிய இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வடிவதைப் பிடிக்கக் கலயம் கட்டப்படும். ஒருநாள் சீவாமல் விட்டால் அந்த முனை காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதனால் பனையேறிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, காய்ச்சல் லீவு கிடையாது, மச்சினிச்சி கல்யாணத்துக்குப் போனால்கூட ஏறி முடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

ஏறுவதற்கு அவரிடம் இருக்கும் சாதனங்கள் எளிமையானவை. கால்களைச் சேர்த்துப் பிணைக்கத் தளைநார், மரத்தில் சாய்த்து வைத்து முதல் எட்டு எடுத்து வைக்க முருக்குத்தடி, இடுப்பில் பாளை அரிவாள் வைக்கும் பெட்டி, பதநீரை இறக்கி வர ஒரு குடுவை. பாதுகாப்பு பெல்ட் எல்லாம் பெரும்பாலும் கிடையாது. மார்பைத் தேய்த்துத் தேய்த்து ஏறியதில் பழைய பனையேறிகளின் நெஞ்சிலும் உள்ளங்காலிலும் தோல் காய்ப்புக் காய்த்துப் போயிருக்கும்.

ஒருவர் நாற்பது மரம் வைத்திருக்கிறார், ஒவ்வொன்றும் ஐம்பது அடி, காலை ஒரு தடவை மாலை ஒரு தடவை ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது அடி என்றால் சுமார் 15 மீட்டர். நாற்பது மரம், இரண்டு தடவை, 15 மீட்டர். பெருக்கினால் 1,200 மீட்டர். துபாயில் இருக்கும் புர்ஜ் கலீஃபாவின் உயரம் 828 மீட்டர். ஆக, மனுஷன் தினமும் உலகத்தின் உயரமான கட்டடத்தில் ஏறத்தாழ ஒன்றரை முறை ஏறி, அதே அளவு இறங்கவும் செய்கிறார். லிஃப்ட் இல்லாமல்!

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் தொழிலின் தலையெழுத்தே இதில்தான். சுண்ணாம்பு இருந்தால் காற்றில் இருக்கும் ஈஸ்ட் வேலை செய்யாது, வடிந்தது பதநீராகவே இருக்கும். சுண்ணாம்பு இல்லையென்றால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கலயம். நடுவில் இருக்கும் வெள்ளைப் பூச்சுதான் தொழிலுக்கும் குற்றத்துக்கும் எல்லைக்கோடு. பதநீர் இறக்குகிறவர்களையும் சந்தேகத்தில் பிடித்து அலைக்கழிக்கிறார்கள் என்பது பனைத்தொழிலாளர்களின் நெடுநாள் புகார்.

இனி அடுப்புக்கு வருவோம். பதநீர் காய்ச்சும் ஓலைக் கொட்டகைக்குத் தென் மாவட்டங்களில் விடிலி என்று பெயர். அங்கே ராஜ்ஜியம் பெண்களுடையது. கணவர் ஏற, மனைவி காய்ச்சுவதுதான் பொதுவான ஏற்பாடு. (கூலிக் கணக்கு போடும்போது இந்த இரண்டாவது ஆளை எல்லோரும் வசதியாக மறந்துவிடுவார்கள்.) தாச்சி என்கிற அகலமான சட்டியில் பதநீரை ஊற்றி, மணிக்கணக்கில் தீயைக் கூட்டிக் குறைத்துக் காய்ச்ச வேண்டும். பொங்கி வழியாமல் இருக்கக் கொஞ்சம் ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவார்கள். விதையில் இருக்கும் எண்ணெய் நுரையை உடைத்துவிடும். கெட்டியாகிக்கொண்டே வரும்போது நடுவில் ஒரு கட்டத்தில் கூப்பனி வரும். தேன் மாதிரி வழியும் பாகு அது. வீட்டுப் பிள்ளைகள் கிண்ணத்தோடு காத்திருக்கும் கட்டமும் அதுதான். அதைத் தாண்டி, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் உருண்டு நிற்கும் பதம் வந்ததும் இறக்கி, துடுப்பால் கிண்டி, தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி. சுக்கு, மிளகு சேர்த்துச் சின்னதாக ஊற்றினால் சில்லுக்கருப்பட்டி (2019-ல் படம் வந்த பிறகுதான் பல பேருக்குப் பெயரே தெரியும்). பாகைக் கிண்டாமல் வாரக்கணக்கில் அசையாமல் மூடி வைத்தால் பனங்கற்கண்டு.

பதநீரில் சர்க்கரை சுமார் 12 சதவீதம்தான். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். ஒரு கிலோ கருப்பட்டிக்குக் கிட்டத்தட்ட எட்டு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கி வானத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 2,260 கிலோஜூல் தேவை என்று பத்தாம் வகுப்பில் படித்திருப்போம். முதலில் கொதிநிலைக்குச் சூடேற்றும் செலவையும் சேர்த்தால் எட்டு லிட்டருக்கு இருபதாயிரம் கிலோஜூலைத் தாண்டும். காய்ந்த விறகு கிலோவுக்கு 15,000 கிலோஜூல் தரும். "அப்போ ஒன்றரைக் கிலோ விறகு போதுமே" என்று அவசரப்பட வேண்டாம். சாதாரண மண் அடுப்பில் ஐந்தில் ஒரு பங்கு சூடு சட்டிக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிய விஷயம். மிச்சமெல்லாம் புகையாகவும் அனலாகவும் காய்ச்சுகிறவர் முகத்துக்குத்தான் போகிறது. ஆக, ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏழு கிலோ விறகு. நாற்பது மரத்தில் நாளுக்கு எண்பது லிட்டர் இறங்குகிறது என்று வைத்தால் ஒன்பது கிலோ கருப்பட்டி, அதற்கு அறுபது கிலோவுக்கு மேல் விறகு. தினமும்! பனை மட்டை, காய்ந்த ஓலை, சீமைக்கருவேல் என்று கிடைத்ததையெல்லாம் வெட்டி, பொறுக்கி, சுமந்து வருவதற்கே ஓர் ஆள் வேண்டும்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் கலப்படம் எப்படி நடக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொதிக்கும் பதநீரில் ஒரு மூட்டை வெள்ளைச் சீனியைக் கொட்டினால் போதும். அத்தனை கிலோவுக்கான மரம் ஏறவேண்டாம், விறகு எரிக்கவேண்டாம். தண்ணீரை விரட்டும் வேலையை ஏற்கெனவே எங்கோ ஒரு சர்க்கரை ஆலை, கரும்புச் சக்கையையே எரித்துச் சல்லிசாக முடித்து அனுப்பியிருக்கிறது. பதநீரின் இனிப்பும் சீனியின் இனிப்பும் வேதியியல்படி ஒன்றேதான், இரண்டும் சுக்ரோஸ். நாக்கு பாவம், என்ன செய்யும்? கருப்பட்டி வாசனைக்குக் கொஞ்சம் பதநீர், நிறத்துக்குக் கொஞ்சம் கழிவுப் பாகு, முடிந்தது ஜோலி. தென் மாவட்டங்களில் உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை, சீனி மூட்டைகள் பறிமுதல் என்று அவ்வப்போது செய்தி வருவது இதனால்தான். புவிசார் குறியீடு வாங்கிய உடன்குடிக் கருப்பட்டியின் பெயரை யார் வேண்டுமானாலும் அட்டையில் அடித்துக்கொள்ளலாம் என்ற நிலைமையில் நிஜ உடன்குடிக்காரர் என்ன செய்வார்?

பொருளாதாரத்தில் ஜார்ஜ் அகர்லாஃப் என்பவர் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் நோபல் பரிசு வாங்கித் தந்ததில் அதற்குப் பெரிய பங்கு. சாராம்சம் இதுதான்: நல்ல வண்டி எது, டப்பா வண்டி எது என்று வாங்குகிறவருக்குத் தெரியாவிட்டால், அவர் இரண்டுக்கும் நடுவாக ஒரு விலைதான் கொடுப்பார். அந்த விலை நல்ல வண்டிக்காரருக்குக் கட்டாது. அவர் சந்தையை விட்டுப் போய்விடுவார். கடைசியில் டப்பாக்கள் மட்டும் மிஞ்சும். காரை எடுத்துவிட்டுக் கருப்பட்டியைப் போட்டுப் படித்தால் ஓர் எழுத்து மாற்ற வேண்டியதில்லை. கலப்படக் கருப்பட்டிக்கும் சுத்தமானதற்கும் வியாபாரி ஒரே விலை போட்டால், சுத்தமாகக் காய்ச்சுகிறவர் ஒன்று தானும் சீனி மூட்டை வாங்க வேண்டும், இல்லை தளைநாரைக் கழற்றிவிட்டு வேறு வேலைக்குப் போக வேண்டும். இரண்டுமே நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இப்போது தேன். "தேனுக்கு அடுப்பே இல்லையே" என்றால், உண்மைதான். அடுப்பு வேலையைத் தேனீயே செய்துவிடுகிறது. பூவில் இருக்கும் மதுவிலும் எழுபது, எண்பது சதவீதம் வரை தண்ணீர் இருக்கும். அதை வயிற்றுப்பையில் கொண்டுவந்து, வாய்க்கு வாய் மாற்றி, நொதிகளைச் சேர்த்து, அறைகளில் மெல்லிசாகப் பரப்பி, சிறகால் விசிறி விசிறியே தண்ணீரை இருபது சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிடும். அதற்குப் பிறகுதான் மெழுகு மூடி போடும். அந்த அளவுக்குத் தண்ணீர் குறைந்தால்தான் தேன் புளிக்காது. கலயத்தில் சுண்ணாம்பு செய்கிற காவலைக் கூட்டில் சிறகு செய்கிறது. ஒரு தேனீ ஒரு நடைக்குச் சுமப்பது நாற்பது மில்லிகிராம் என்று தாராளமாக வைத்தாலும், ஒரு கிலோ தேனுக்கு ஐம்பதாயிரம் நடைக்கு மேல் வரும். நல்லவேளை, தேனீக்குச் சங்கம் இல்லை :-)

நம்ம பக்கத்துத் தேனீக்களில் கொம்புத்தேனீ, பொந்துத்தேனீ, கொசுத்தேனீ எனப் பல உண்டு. பெட்டியில் வளர்ப்பதற்குத் தோதானது பொந்துத்தேனீ. மலைத்தேனீ மட்டும் யாருக்கும் அடங்காது. பாறை விளிம்பின் அடியிலும் உயர்ந்த மரக்கிளைகளிலும் திறந்தவெளியில் ஒற்றை அடையாகக் கட்டும். ஒரு மீட்டர் அகலம்கூடப் போகும். பருவம் மாறினால் கூட்டத்தோடு வேறு இடத்துக்குப் போய்விடும். குளவியோ பறவையோ நெருங்கினால் அடைமேல் இருக்கும் ஆயிரக்கணக்கான தேனீக்களும் வரிசையாக வயிற்றைத் தூக்கிக் காட்டும். பார்ப்பதற்கு மைதானத்தில் ரசிகர்கள் எழுந்து உட்கார்ந்து அலை விடுவார்களே, அச்சு அசல் அதேதான். அந்த அலைக்கும் அடங்காமல் கிட்டே போனால் கொட்டும். ஒரு கொடுக்கு இறங்கினால் அதிலிருந்து கிளம்பும் வாசனை மற்றவர்களையும் அதே இடத்துக்கு அழைத்து வரும்.

அந்த அடையை நோக்கித்தான் நீலகிரியின் குறும்பரும் இருளரும் காட்டுநாயக்கரும், சத்தியமங்கலம் பக்கத்தில் ஊராளிகளும் சோளகரும் இறங்குகிறார்கள். பனையேறி கீழிருந்து மேலே போகிறார், இவர்கள் மேலிருந்து கீழே. பாறை உச்சியில் ஒரு மரத்தில் கட்டிய ஏணியில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்க வேண்டும். அந்த ஏணி காட்டுக்கொடிகளை முறுக்கிப் பின்னியது, கடையில் வாங்கியதல்ல. பச்சை இலை வைத்துக் கட்டிய புகைப்பந்தம் ஒரு கையில், அடையை அறுக்க நீளமான மூங்கில் மறு கையில். இறங்குவதற்கு முன் விரதம், பூசை. அறுக்கும்போது தேனீக்களைப் பார்த்துப் பாட்டு. மேலே கயிற்றைக் காவல் காக்க யாரை நிறுத்துவது என்பதிலும் ஒரு வழக்கம் இருக்கிறது. பல குழுக்களில் அது மனைவியின் சகோதரன். சொத்துத் தகராறு வந்தாலும் மச்சான் கயிற்றை அறுக்க மாட்டான், அறுத்தால் தாலி இழப்பது அவனுடைய அக்காவோ தங்கையோ. இதைவிட நல்ல இன்சூரன்ஸ் பாலிசியை எந்தக் கம்பெனியும் போட முடியாது.

எதை அறுக்கிறார்கள் என்பது ரொம்ப முக்கியம். மலைத்தேனடையில் தேன் இருப்பது மேல் ஓரத்தில் தடித்த பகுதியில். கீழே இருப்பதெல்லாம் முட்டையும் புழுவும். தெரிந்தவர் தேன் பகுதியை மட்டும் அறுத்துக்கொண்டு கீழ்ப்பகுதியை விட்டுவிட முடியும். சில கூடுகளைத் தொடாமலே விட்டுவிடுவதும் வழக்கம். அவசரக்காரர் முழு அடையையும் அறுத்துக் கையால் பிழிந்தால் புழுச்சாறும் மகரந்தமும் கலந்து, தண்ணீரும் கூடி, தேன் சீக்கிரம் புளிக்கும். மெழுகு மூடாத தேனை எடுத்தாலும் அதே கதை. கோத்தகிரியில் 1993-லிருந்து இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை இந்த மக்களோடு சேர்ந்து செய்துவரும் வேலைகளில் தேனைச் சுத்தமாக எடுப்பது, வடிப்பது, நியாய விலைக்கு விற்பது எல்லாம் அடக்கம். 2006 வன உரிமைச் சட்டம் தேனையும் மெழுகையும் சிறு வனப்பொருள் பட்டியலில் சேர்த்து, அவற்றின் மேல் காட்டுவாசிகளுக்கு உரிமையும் கொடுத்தது. சட்டப்படி தேன் அவர்களுடையது. சந்தைப்படி?

2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டு தேன்களைச் சோதித்து வெளியிட்ட முடிவு பலருக்கும் நினைவிருக்கும். ஜெர்மனியில் ஓர் ஆய்வகத்தில் நடந்த என்.எம்.ஆர். சோதனையில் பத்து பிராண்டுகள் தேறவில்லை. நிறுவனங்கள் மறுத்தன, அது தனிக்கதை. சுவாரசியமான விஷயம், அவற்றில் பலவும் வழக்கமான சோதனைகளில் பாஸ் ஆகியிருந்தன! எப்படி? கரும்பும் மக்காச்சோளமும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் வேறு (சி-4 என்பார்கள்), பெரும்பாலான பூச்செடிகள் எடுக்கும் விதம் வேறு (சி-3). அதனால் தேனில் கரும்புச் சர்க்கரை கலந்தால் கார்பன் ஐசோடோப்பு சோதனை காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் நெல்லும் பீட்ரூட் வகைக் கிழங்கும் சி-3. அரிசியிலிருந்து பாகு தயாரித்துக் கலந்தால் அந்தச் சோதனையின் கண்ணுக்கு அது தேன் மாதிரியே தெரியும். பரீட்சைக்கு என்ன கேள்வி வரும் என்று தெரிந்துகொண்டு அதை மட்டும் படித்துவிட்டுப் போன கதை. (பனையும் சி-3 தான். ஆகவே கருப்பட்டியில் கரும்புச் சீனியைக் கலந்தால் ஆய்வகத்தில் பிடிக்கலாம். மளிகைக் கடையில்தான் பிடிக்க முடியாது.)

மரத்திலிருந்து சர்க்கரை எடுப்பவர்கள் எல்லா இடத்திலும் இப்படித்தான் அல்லாடுகிறார்களா என்றால், இல்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மேப்பிள் மரச்சாறைக் காய்ச்சிப் பாகு எடுக்கிறார்கள். அதில் சர்க்கரை வெறும் இரண்டு சதவீதம், ஒரு லிட்டர் பாகுக்கு நாற்பது லிட்டர் சாறு. பதநீரைவிட மோசமான நிலைமை. ஆனால் சவ்வூடு வடிகட்டும் மெஷின் வைத்து, அடுப்பில் ஏற்றும் முன்பே முக்கால் பங்குத் தண்ணீரைப் பிரித்துவிடுகிறார்கள். நம் ஊர் ஆர்.ஓ. வாட்டர் மெஷினின் தத்துவம்தான், அதில் எதைக் கழிவு என்று தள்ளுவோமோ அதை அங்கே வைத்துக்கொள்கிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம், அங்கே உற்பத்தியாளர்களே சேர்ந்து விற்கிறார்கள், விலை பேசுகிறார்கள், 2000-லிருந்து சேமிப்புக் கிடங்கும் வைத்திருக்கிறார்கள். 2011, 2012-ல் அந்தச் சேமிப்பிலிருந்தே சுமார் 3,000 டன் பாகு திருடு போனது. மதிப்பு 1.8 கோடி கனடா டாலருக்கும் மேல். திருடர்கள் பல பீப்பாய்களில் பாகை எடுத்துவிட்டு ஊற்றி வைத்தது என்ன தெரியுமா? தண்ணீர்!

இங்கே நிலைமை தலைகீழ். மரம் பெரும்பாலும் பனையேறிக்குச் சொந்தமில்லை, பாட்டத்துக்கு எடுப்பார். சீசன் தொடங்கும் முன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார். முன்பணம் கொடுத்தவரே சரக்கையும் எடுப்பார், விலையும் அவரே சொல்வார். பதநீரை இருப்பு வைக்க முடியாது, கருப்பட்டியும் மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கசியும். காத்திருந்து நல்ல விலைக்கு விற்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நல வாரியம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் வந்த தமிழ்நாட்டின் முதல் தனி வேளாண் பட்ஜெட்டில் பனைக்கென ஓர் இயக்கமே அறிவித்து, 76 லட்சம் பனை விதை, ஒரு லட்சம் கன்று, மரத்தை வெட்டக் கலெக்டர் அனுமதி கட்டாயம், ரேஷன் கடையில் கருப்பட்டி என்று வரிசையாகச் சொன்னார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பனை பாளை விடப் பன்னிரண்டிலிருந்து இருபது வருடம் வரை ஆகும். அன்றைக்குப் போட்ட விதை காய்ப்புக்கு வர 2030-கள் ஆகிவிடும். இன்று ஏறிக்கொண்டிருப்பவர்களில் நிறையப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் வேலையில் இருக்கிறார்கள். மரத்துக்கு மானியம் அறிவித்த அளவுக்கு ஏறுகிற ஆளின் கூலியைப் பற்றி யாரும் பேசவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தண்ணீரில் சொட்டு விடுவது, தாளில் தடவுவது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது, நாய் நக்குகிறதா என்று பார்ப்பது, இவை எதுவும் நம்பகமான தேன் சோதனை இல்லை. கெட்டியான பாகும் அடியில் போய் உட்காரும், நல்ல மலைத்தேன் தண்ணியாகவும் இருக்கும். தேன் உறைந்தால் கலப்படம் என்பதும் தப்பு. குளுக்கோஸ் அதிகமான தேன் தானாக உறையும், வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். கருப்பட்டி போட்டுக் குடித்தால் சுகர் ஏறாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதில் முக்கால் பங்குக்கு மேல் சர்க்கரைதான். முடிந்தால் சீசனில், மாசிக்கும் ஆனிக்கும் நடுவில், விடிலியில் காய்ச்சுகிறவரிடமே நேரில் வாங்குவது நல்லது. தாச்சியையும் பார்த்துக்கொள்ளலாம், பணமும் நேராக அவர் கைக்குப் போகும். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிறேன் என்று தேனைத் தொட்டு வைக்கும் பாட்டிகளுக்கு இதை யாராவது எடுத்துச் சொன்னால் புண்ணியம்: எவ்வளவு சுத்தமான தேனிலும் பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் இருக்க வாய்ப்புண்டு, ஒரு வயது முடியும் வரை தேன் கொடுக்கக் கூடாது.